பாகூரில் எரிந்த சனி

எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டேன். "ரிட்டயர் ஆயிட்டியாமே" என்று ஆலையில் அப்பாவோடு வேலை செய்பவர்கள் தெருவில் நிறுத்திக் கேட்கிறார்கள். மாலையும் வழியனுப்பு விழாவும் தவிர, ஓய்வு பெற்றவர்களுக்குக் கிடைக்கும் மற்றதெல்லாம் எனக்கும் கிடைத்துவிட்டது: நிறைய நேரம், நிறைய அறிவுரை, என் இடத்துக்கு வந்தவரின் சந்தேகங்கள்.

என் இடத்துக்கு வந்திருப்பவள் மனோன்மணி என்ற பெண். போன மாதம் சாரத்தில் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். "அக்கா, ஒங்க அனுபவத்த எழுதிக் குடுங்க. எனக்கு ஒதவும்" என்றாள். எழுதுகிறேன். உதவுமா என்பது அவள் இதை அலுவலகத்தில் யாருக்கும் காட்டாமல் இருப்பதைப் பொறுத்தது.

பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு, பொதுமக்களுக்கு விஞ்ஞானத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று ஒரு பிரிவு தொடங்கினார்கள். அந்தப் பிரிவு மொத்தமும் ஒரு ஜீப்பில் அடங்கும். படம் காட்டும் இயந்திரம், அதற்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர், ஒரு வெள்ளைத் துணித் திரை, ஒலிபெருக்கி, தலைவர், ஆபரேட்டர், நான். படங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவை, ஆங்கிலத்தில் பேசும். அதன் குரலை அடக்கிவிட்டு, திரையின் ஓரமாக நின்று ஒருவர் மைக்கில் தமிழில் விளக்க வேண்டும். அது நான்.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தவர், அதற்குச் சுண்ணாம்பு அடிக்கப் போன என் சித்தப்பா மட்டும்தான். நான் கன்னிகைமார் பள்ளியில் பிரெஞ்சில் படித்துத் தேறினேன். தேறி முடித்தபோது பிரெஞ்சுக்காரர்கள் கப்பல் ஏறிவிட்டார்கள். சரி என்று ஆங்கிலமும் படித்தேன். இரண்டு மொழியிலும் வாசித்துத் தமிழில் பேசத் தெரிந்தவர்கள் ஊரில் பலர் இருந்தார்கள். ஜீப்பின் பின்னால் ஜெனரேட்டரின் மேல் உட்கார்ந்து வர ஒப்புக்கொண்டவள் நான் ஒருத்திதான்.

பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். மைக்கை வாயிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிப்பது என்று கற்றேன். அப்புறம் ஒரு கதை கற்றுக்கொண்டேன். கொசுவைப் பற்றிய படத்தைப் பார்த்த கிராமத்தார், திரையில் ஆள் உயரக் கொசு தெரிந்ததும், 'எங்க ஊர்ல இவ்வளவு பெரிய கொசு இல்ல, எங்களுக்குப் பயமில்ல' என்றார்களாம். இந்தக் கதையை அங்கு வந்த ஒவ்வொரு அதிகாரியும் சொன்னார். ஒவ்வொருவரும் தன் ஊரில், தன் கண்முன்னால் நடந்ததாகச் சொன்னார். ஏழு ஆண்டுகள் கொசுப் படம் போட்டேன். ஒரு ஊரிலும் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. யானைக்கால் நோயில் வீங்கிய காலை நீட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கொசு எவ்வளவு பெரியது என்று தெரியாதா? தெரியாதது அதிகாரிகளுக்குத்தான்.

இனி தலைவர். முசியே சவரிநாதர். பிரெஞ்சு ஆட்சியில் பெரிய குமாஸ்தாவாக இருந்தவர். வெள்ளைக் கோட்டு, தக்கைத் தொப்பி, அத்தர் போட்ட கைக்குட்டை. சூரியன் மறைந்த பிறகும் தொப்பியைக் கழற்ற மாட்டார். மிகவும் மரியாதையானவர். என்னை 'மத்மசேல்', அதாவது குமாரி, என்றுதான் கூப்பிடுவார். நான் உட்காரும்வரை தான் உட்கார மாட்டார். நான் பேசி முடிக்கும்வரை குறுக்கிட மாட்டார். முடித்ததும், நான் வாயே திறக்காததுபோலத் தன் பேச்சைத் தொடங்குவார். அந்தப் பேச்சு எப்போதும் 'அலோர்' என்று ஆரம்பிக்கும். பிரெஞ்சில் அதற்கு 'ஆகவே' என்று பொருள். முன்னால் எதுவும் இல்லாமல் ஆகவே என்று தொடங்கக்கூடிய மனிதர் அவர்.

படங்களுக்கான உரையை அவரே எழுதினார். முதலில் பிரெஞ்சில். புதிய அரசுக்காக அதை ஆங்கிலத்தில் மாற்றினார். ஒரு புலவர் அதைத் தமிழாக்கினார். இரண்டு ஆறு தாண்டி வந்த அந்த உரை, 'ஈண்டு நோக்குமின், அண்டப் பெருவெளியில் அலைவுறும் கோளங்களின் ஆகர்ஷண வன்மையினை' என்று தொடங்கும். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்து இருக்கும். ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது.

"சனங்களுக்குப் புரியலீங்களே ஐயா" என்று முதல் ஆண்டே சொன்னேன்.

"அலோர், மத்மசேல், புரியறது அவங்க வேலை. படிக்கறது ஒங்க வேலை" என்றார்.

என் வேலை தற்காலிகம். ஆண்டுதோறும் நீட்டிப்பார்கள். நிரந்தரமாக்க வேண்டுமென்றால் அவர் பரிந்துரைக்க வேண்டும். 'அங்கீகரிக்கப்பட்ட உரையைப் பிழையின்றி வாசிப்பவர்' என்று அவர் எழுதினால் போதும். ஆகவே வாசித்தேன். மாதச் சம்பளம் வாங்கும் முதல் பெண் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு நடை வந்திருந்தது. அந்த நடையை இழக்க நான் தயாராக இல்லை.

ஒரு காட்சி எப்படி நடக்கும் என்று மனோன்மணிக்குச் சொல்ல வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்குப் போய்விடுவோம். இரண்டு மூங்கில் நட்டு, நாலு முனையிலும் கயிறு இழுத்துத் திரையைக் கட்டுவோம். துணியின்மேல் தண்ணீர் தெளிப்பார் ஆபரேட்டர் தணிகாசலம். அப்போதுதான் சுருக்கமில்லாமல் விறைப்பாக நிற்கும். பிறகு தலைவருக்கு நாற்காலி. அவர் முன்னுரை. கூட்டம் கலையும் அளவுக்கு அவர் பேசிவிட்டால், தணிகாசலம் ஜெனரேட்டரை ஒருமுறை இருமவிடுவார். ஏதோ கோளாறு என்று தலைவர் உட்கார்ந்துவிடுவார். படம் தொடங்கும்.

ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். பின்னால் என்றால் கடைசி வரிசையில் அல்ல, திரைக்குப் பின்னால். ஒளி துணியில் ஊடுருவுவதால் அந்தப் பக்கமும் படம் தெரியும், இடம் வலமாக. கண்ணியத்துக்காகத் தலைவர் செய்த ஏற்பாடு இது. ஊர்ப் பெரியவர்களுக்கும் மிகவும் பிடித்துப்போனது. இதனால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பூமி ஏழு ஆண்டுகள் கிழக்கிலிருந்து மேற்காகச் சுழன்றது. தலைவரிடம் சொன்னேன். "அவங்களுக்கு எழுத்தே தெரியாது, மத்மசேல். எந்தப் பக்கமா இருந்தா என்ன?" என்றார். என் அம்மா ஒருமுறை முதலியார்பேட்டையில் என்னைப் பார்க்க வந்தாள். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு வீட்டில் சொன்னாள்: "ஒங் கொரலு நல்லா வந்துது. ஒன்னத்தான் காணல."

இப்போது சனிக்கு வருகிறேன். எங்களிடம் சூரிய குடும்பத்தைப் பற்றி ஒரு நல்ல படம் இருந்தது. ஒரே பிரதி. படச்சுருள் சிக்கி நின்றால் விளக்கின் சூட்டில் அந்த இடம் பொசுங்கிவிடும். தணிகாசலம் பொசுங்கியதை வெட்டி எறிந்துவிட்டு இரு முனையையும் ஒட்டுவார். இப்படிப் பாகூரில் சனி எரிந்தது, வளையத்தோடு. வில்லியனூரில் வியாழனில் பாதி போயிற்று. ஆண்டுக்கு ஆண்டு சூரிய குடும்பம் சிறிதாகிக்கொண்டே வந்தது. உரை மட்டும் அப்படியே இருந்தது. படம் முடிந்துவிடும், எனக்கு இன்னும் மூன்று பக்கம் பாக்கி இருக்கும்.

"படம் சின்னதாயிட்டுது ஐயா, உரையையும் வெட்டிடலாமா?" என்று கேட்டேன்.

"படம் சுருங்கினா அது தணிகாசலத்தோட குத்தம். உரை சுருங்கினா அது அரசாங்கத்தோட குத்தம்" என்றார்.

"அப்ப வெளக்கயாவது அணைச்சுடவாங்க?" என்றார் தணிகாசலம்.

"இருட்டுல அரசாங்கம் பேசாது."

ஆகவே, படம் முடிந்த பிறகும் இயந்திரத்தின் விளக்கு எரியும். வெற்றுத் திரை வெள்ளையாக நிற்கும். நான் இல்லாத சனியின் வளையங்களை வாசித்துக்கொண்டிருப்பேன். இளவட்டங்கள் ஒளிக்கு முன்னால் கையை நீட்டி நாய், மான், கொக்கு என்று நிழல் காட்டுவார்கள். நிழல் நாய்க்காக அவர்கள் குரைக்கும்போது நான் கொஞ்சம் நிறுத்தி வாசிப்பேன். அவ்வளவு ஒத்துழைப்பு எங்களுக்குள் வந்துவிட்டது.

அறுபத்திரண்டு பிப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் ஒரே ராசியில் கூடப்போகின்றன, உலகம் அழியப்போகிறது என்று நாடு முழுவதும் பேச்சு. ஊருக்கு ஊர் யாகம். பத்திரிகைகளைத் திறந்தால் கிரகங்கள். சூரிய குடும்பத்தைப் பற்றிப் படமும் ஜீப்பும் வைத்திருந்த பிரிவு நாங்கள் ஒன்றுதான். இதைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று தலைவரிடம் போனேன். என்னை நிரந்தரமாக்கும் கோப்பு அப்போது அவர் மேசைமேல் இருந்தது.

"உரையில அது இல்லையே" என்றார்.

"சேத்து எழுதலாங்களே."

"கிரகங்களைப் பத்தி அரசாங்கத்துக்கு அபிப்பிராயம் கிடையாது, மத்மசேல்." கோப்பைத் தட்டினார். "இதுகூட அந்த வாரம் கழியட்டும். உலகம் இருந்தா கையெழுத்துப் போடுவோம்."

வேடிக்கையாகச் சொன்னதாகக் காட்டிச் சிரித்தார். கையெழுத்து மட்டும் போடவில்லை.

அந்த நாட்களுக்குச் சற்று முன்னால் வீராம்பட்டினத்தில் காட்சி. கடற்கரை மணலில் திரை கட்டினோம். எப்போதும் இல்லாத கூட்டம். படகுகள் கரையில் கிடந்தன. அழியப்போகும் உலகத்துக்கு மீன் எதற்கு என்று பலர் கடலுக்குப் போகவில்லை. படம் ஓடி, அறுந்து, ஒட்டி, முடிந்தது. திரை வெள்ளையானது. நான் சனியின் வளையத்தைத் தொடங்கினேன்.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"யம்மா, அந்த எட்டும் சேருதே, அதச் சொல்ல மாட்டியா நீ?"

நான் நிறுத்தினேன். துணிக்கு அந்தப் பக்கம் யார் என்று தெரியவில்லை. "யாருங்க?" என்றேன்.

"நான் அஞ்சல. மீன் விக்கறவ. எம் மருமவ இங்கதாங் குந்திக்கினு கீறா, நெறமாசம். அந்த நாள்ல பொறக்கற புள்ள ஊட்டையே அழிச்சிடும்னு ஜோசியக்காரன் சொல்லிட்டான். சவுக்குத் தோப்புல கொட்டா போட்டு இவள அங்க வெக்கணுமாம். எம் மவனும் அவங்கப்பனும் ஓல வாங்கியாந்துட்டாங்க. நீ படிச்ச பொண்ணாச்சே. வெக்கலாமா, வேணாமா? ஒரு வார்த்த சொல்லு."

  நாற்காலியிலிருந்து தலைவரின் குரல் கேட்டது: "உரை, மத்மசேல்."

உரையைப் பார்த்தேன். 'வளையங்களின் வண்ண விசித்திரங்கள்' என்ற இடத்தில் இருந்தேன். இப்படியே வாசித்து முடித்தால், அந்த வாரம் கழிந்ததும் நிரந்தரம். திரைக்குப் பின்னால் ஒரு பெண் தோப்புக்குப் போகக் காத்திருந்தாள். காகிதத்தை மடித்து மைக் கம்பின் கீழே வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் என் செருப்பை வைத்தேன்.

"வேணாம். ஏன்னு காட்டறேன்" என்றேன். முன்வரிசை ஆண்களைப் பார்த்துச் சொன்னேன்: "அண்ணங்களே, எனக்கு ஏழு பேர் வேணும். கிரகமா நிக்கணும்."

"எட்டுல்ல?" என்றார் ஒருவர்.

"எட்டாவது கேது. அது வெறும் நெழல் கிரகம். கணக்குல உண்டு, வானத்துல கெடையாது. ஆள் வேணாம்."

இயந்திரத்திலிருந்து திரைவரை நடுவே வழி விட்டிருந்தது. அதில் நிறுத்தினேன். விளக்கின் அருகில் சந்திரன், அப்புறம் புதன், சுக்கிரன், சூரியன், செவ்வாய், நன்றாகத் தள்ளி வியாழன். சனியாக நிற்க யாரும் வரவில்லை.

"பயப்படாதீங்கப்பா, சனிய நான் பாகூர்லயே கொளுத்திட்டேன்" என்றார் தணிகாசலம். ஒரு கிழவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எனக்கு ஏற்கெனவே ஏழர நடக்குது, நானே நிக்கறேன்" என்று திரையை ஒட்டிப் போய் நின்றார்.

"இப்ப திரையப் பாருங்க" என்றேன். "அந்த வெளக்குதான் நாம இருக்கற பூமி. திரைதான் வானம்."

ஏழு நிழலும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து, ஏகப்பட்ட கையும் தலையுமாக ஒரே கரிய உருவம் திரையை அடைத்துக்கொண்டு நின்றது. முன்னால் ஆண்கள் சிரித்தார்கள். திரைக்குப் பின்னால் ஒரே அலறல்.

"அய்யய்யோ, சேந்துக்கிச்சு. தனம், கண்ண மூடிக்க."

அப்போதுதான் விளங்கியது. ஆண்கள் பார்த்தது நிழலையும், அங்கங்கே தள்ளித் தள்ளி நிற்கும் ஆட்களையும். பெண்கள் பார்த்தது நிழலை மட்டும். ஜோசியர் கண்டதைத்தான் அவர்களும் கண்டார்கள். அந்தப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவருக்கும் இதைப் புரியவைக்க முடியாது.

"அஞ்சலயம்மா, முன்னாடி வாங்க" என்றேன்.

"ஆம்பளைங்க குந்திக்கினு கீறாங்களேம்மா."

"அவங்க குந்திக்கினே இருக்கட்டும். நீங்க நடந்து வாங்க. எல்லாரும் வாங்க."

தலைவர் எழுந்தது கண்ணில் பட்டது. அதற்குள் அஞ்சலை திரையைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். முழங்கைவரை பச்சை குத்திய, ஆகிருதியான பெண்மணி. வயிற்றைத் தாங்கிக்கொண்டு மருமகள் தனம் பின்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒட்டுமொத்தப் பெண்கள் கூட்டமும், மணலில் புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு.

அஞ்சலை கிரகங்களை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சனிக்கும் வியாழனுக்கும் நடுவே புகுந்து, இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு, ஒவ்வொரு இடைவெளியிலும் புகுந்து நடந்தாள். கை யார்மேலும் படவில்லை. சந்திரன்வரை போய்த் திரும்பினாள்.

"கூடையோட போலாம் போலகீதே" என்றாள். "இதுங்களா சேந்துச்சு? ஒண்ணுக்கொண்ணு மொகங்கூடப் பாக்கல. இதுங்க எங்கியோ நின்னுக்கினு எம் மருமவ வயித்த எப்பிடிப் பாக்கும்?"

"அலோர்" என்று ஒரு குரல்.

தலைவர் என்னைத் தடுக்கக் கையை உயர்த்திக்கொண்டு நேராக ஒளிக்குள் நுழைந்தார். விளக்குக்கு மிக அருகில். அவர் தொப்பியின் நிழல் திரை முழுவதையும் மூடியது. சூரியன், சந்திரன் எல்லாம் அதற்குள் மறைந்துபோனார்கள்.

"கேது வந்துட்டாரும்மா" என்றாள் தனம். அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றவள்.

வீராம்பட்டினம் சிரித்தது. கிரகங்கள் சிரித்தன. தணிகாசலம் இயந்திரத்தின்மேல் குனிந்துகொண்டு ஏதோ திருகாணியை முடுக்கினார். அவர் முதுகு குலுங்கியது. தலைவர் தன் நிழலைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். நான் பார்க்க அவர் அதைக் கழற்றியது அன்று ஒருமுறைதான். பிறகு மறுபடி போட்டுக்கொண்டு, "படம் முடிந்தது" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

மறுநாள் அலுவலகத்தில் எனக்கு எப்போதும்போல நாற்காலியை இழுத்துப் போட்டார். ஜோசியத்தைப் பற்றியோ, உரையை மடித்ததைப் பற்றியோ, கேதுவைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. அறிக்கையில் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: 'பார்வையாளர் இருக்கை ஒழுங்கு குலைக்கப்பட்டது.'

"வருந்துறேன்னு எழுதிக் குடுங்க, மத்மசேல். கோப்பு இன்னிக்கே போயிடும்."

"எதுக்கு வருந்தணும்?"

"இருக்கைக்கு."

"அந்த இருக்கையில நீங்க ஒரு நாள் உக்காந்து பாருங்க ஐயா. அப்புறம் எழுதித் தர்றேன்" என்றேன்.

அவர் நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, "அலோர், இந்த வருசம் நீட்டிப்பு இல்லை" என்றார். இப்படித்தான் நான் ஓய்வு பெற்றேன்.  அம்மா, "அன்னிக்கு நான் வந்திருந்தா நானும் முன்னாடி வந்திருப்பனா?" என்று கேட்டாள். வந்திருப்பாய் என்றேன்.

கிரகங்கள் கூடின, கலைந்தன. யாகம் செய்தவர்கள் யாகத்தால்தான் உலகம் பிழைத்தது என்றார்கள், இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய மார்க்கெட்டில் அஞ்சலையைப் பார்த்தேன். தனத்துக்கு அந்த நாட்களிலேயே வீட்டில் பெண்குழந்தை பிறந்ததாம். ஓலையெல்லாம் அடுப்புக்குப் போயிற்றாம்.

"வேப்பெலயும் கட்டுனேன், எலும்பிச்சம்பழமும் சுத்திப் போட்டேன்" என்றாள், சங்கரா மீனைச் செதில் நீக்கிக்கொண்டே.

"அப்ப நான் சொன்னத நம்பலியா?"

"நம்பாமயா அவள ஊட்டுலயே வெச்சிக்கினேன்? எலும்பிச்ச ஊட்டு ஆம்பளைங்களுக்கும்மா. அவங்களுக்கு ஒண்ணு வேணுமில்ல."

நான் இப்போது லாஸ்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கும் பூகோளமும் சொல்லித் தருகிறேன். என்னிடம் வந்த அன்று மனோன்மணி, புதிய படம் வந்துவிட்டது என்றாள். சனி, வளையத்தோடு, முழுசாக இருக்கிறதாம். உரையிலும் ஒரு பக்கம் கூடியிருக்கிறது: 'ஈண்டு எழுவர் முன்வந்து கோள்களாய் நிற்பாராக.' கீழே தலைவரின் கையெழுத்து. படம் இப்போது அறுவதில்லை, ஆகவே திரை வெள்ளையாவதும் இல்லை. ஓடும் படத்துக்கு முன்னால் ஏழு பேரை நிறுத்தி அவள் அதை வாசிக்கிறாள்.

"எப்பிடிக்கா சமாளிக்கறது?" என்று கேட்டாள். தணிகாசலத்திடம் சொல், எங்கே படத்தை நிறுத்துவது என்று அவருக்குத் தெரியும் என்றேன்.

ஆடி மாதம் அம்மன் திருவிழாவுக்கு வீராம்பட்டினத்தில் காட்சி வைத்திருந்தார்கள். நானும் அம்மாவும் போனோம். இருட்டத் தொடங்கியிருந்தது. பெண்கள் பொழுதோடு வந்து, திரைக்கு முன்னால் முழு மணலையும் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். இடம் மாறச் சொல்லி யாரோ சத்தம் போட்டதற்கு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கூட்டத்தின் நடுவே, கால் நீட்ட இடமில்லாமல், தலைவரின் நாற்காலியும் தொப்பியும் தெரிந்தன. அவர் எழுந்து எங்கள் இருவரையும் வணங்கிவிட்டு உட்கார்ந்தார்.

"இங்க வாம்மா, எடம் புடிச்சி வெச்சிகீறேன்" என்று குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அஞ்சலை கூப்பிட்டாள்.

படம் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் திரைக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல், கோபமாக:

"யோவ், எழுத்தெல்லாம் மாறித் தெரியுதுய்யா."

அஞ்சலை திரும்பக்கூட இல்லை. "அப்பிடியே பாரு, ஒண்ணும் ஆவாது" என்றாள். "பூமி அந்தப் பக்கமும் சுத்தும்."